யார்க்ஷயர் ஏட்டம்மாவைப் பற்றி அத்தைக்கு

ஹாலிஃபாக்ஸ்,
மேற்கு யார்க்ஷயர்.

அன்புள்ள அத்தைக்கு,

கயல் எழுதுவது. நான் நலம். பெரம்பூரில் நீங்களும் மாமாவும் நலமாக இருப்பதாகத் தம்பி சொன்னான். சென்ற வாரம் பேசியபோது, இரவுப் பணி முடிந்து வந்தால் அந்த வீட்டில் தனியாக என்னதான் செய்கிறாய் என்று கேட்டீர்கள். தொலைக்காட்சி பார்க்கிறேன் என்றேன், சிரித்துவிட்டீர்கள். எதைப் பார்க்கிறேன், பார்த்ததையே ஏன் மறுபடியும் பார்க்கிறேன் என்பதைத் தொலைபேசியில் சொல்ல முயன்றால் பாதியில் வேறு பேச்சு வந்துவிடும். மாநகராட்சிப் பள்ளியில் காலமெல்லாம் தமிழ் நடத்திய உங்களுக்கு எழுத்தில் சொல்வதுதான் முறை என்று தோன்றியது. பிழை இருந்தால் வழக்கம்போல் சிவப்பு மையால் சுழித்து வையுங்கள்.

இந்த நாட்டில் நேரலை ஒளிபரப்பைப் பார்ப்பதற்கும், பி.பி.சி.யின் நிகழ்ச்சிகளை இணையத்தில் பார்ப்பதற்கும் அரசு உரிமம் வாங்க வேண்டும். நான் வந்த 2024-இல் அதற்கு ஆண்டுக்கு 169.50 பவுன். ரூபாயில் கணக்குப் போடாதீர்கள், வயிறு எரியும். அந்தக் கட்டணத்துக்கு ஈடாக பி.பி.சி.யில் நடுவில் விளம்பரமே வராது. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிற ஊரில், கட்டிய பணத்துக்காகவாவது எதையாவது பார்ப்போம் என்று இருந்தபோது, எங்கள் மருத்துவமனை வார்டைத் துப்புரவு செய்யும் அம்மாள்தான், "ஹேப்பி வேலி பார்த்துவிட்டாயா? எங்கள் ஊர்க் கதை" என்றார். உண்மையிலேயே அந்த பி.பி.சி. தொடர் எங்கள் ஊர்க் கதை. நான் இருக்கும் ஹாலிஃபாக்ஸிலிருந்து ரயிலில் சிறிது நேரத்தில் சென்றுவிடக்கூடிய ஹெப்டன் பிரிட்ஜ், அதையும் தாண்டி டாட்மர்டன் என்று, கால்டர் ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதும் அதில் வருகிறது. பழைய பஞ்சாலைப் புகை படிந்து கறுத்துப்போன கல் வீடுகளும், செங்குத்தான தெருக்களும், ஓயாத தூறலுமாக நான் நாள்தோறும் நடக்கும் வழிகளைத்தான் திரையிலும் பார்க்கிறேன். எழுதியவர் சாலி வெய்ன்ரைட் என்ற அம்மையார். அவரும் இதே பள்ளத்தாக்கில் சோவர்பி பிரிட்ஜில் வளர்ந்தவர்.

கதாநாயகி கேத்தரின் காவுட். காவல்துறையில் சார்ஜென்ட், நம்மூர்க் கணக்கில் ஏட்டுக்கும் எஸ்.ஐ.க்கும் நடுவில் எங்கோ வைத்துக்கொள்ளுங்கள். அவளுடைய மகள் ஒரு கொடியவனால் சீரழிக்கப்பட்டு, ஓர் ஆண் குழந்தையைப் பெற்றபின் தன் உயிரை மாய்த்துக்கொண்டவள். அந்தக் குழந்தையைத் தானே வளர்ப்பது என்று கேத்தரின் முடிவெடுத்தாள். அதில் மணவாழ்க்கை முறிந்தது, மகனும் விலகிப்போனான். துணைக்கு இருப்பவள் தங்கை கிளேர் மட்டுமே. அவளோ ஹெராயினிலும் குடியிலும் விழுந்து எழுந்தவள். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு ஒருத்தி தினமும் காலையில் கனத்த பூட்ஸை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறாள் என்றால், நம் வீடுகளில் அவளை "கல் மாதிரி நிற்கிறாள்" என்போம். சாரா லங்காஷயர் என்ற நடிகை அப்படித்தான் நிற்கிறார். அந்தக் கல் எங்கே, எப்படி விரிசல் விடுகிறது என்பதைத்தான் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன், அத்தை. ஏனென்றால் நாம் பார்த்துப் பழகிய இடங்களில் அது விரிவதே இல்லை.

முதல் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். காதலி விட்டுப்போன இளைஞன் ஒருவன், குடித்துவிட்டு, உடம்பெல்லாம் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு, குழந்தைகள் விளையாடும் பூங்காவில் தீக்கொளுத்திக்கொள்ளப் போவதாக மிரட்டுகிறான். கேத்தரின் கையில் தீயணைப்பானும் முகத்தில் கறுப்புக் கண்ணாடியுமாகப் போய் நிற்கிறாள். அவன் சாவது அவன் விருப்பம், ஆனால் என் புருவத்தையும் சேர்த்துப் பொசுக்க விடமாட்டேன் என்கிற தோரணை. அவனைப் பேச்சில் பிடித்துவைப்பதற்காகத் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறாள்: வயது 47, மணமுறிவு ஆனவள், போதையிலிருந்து மீண்டுவரும் தங்கையோடு வாழ்கிறேன், பிள்ளைகள் இருவர், ஒருத்தி இறந்துவிட்டாள், மற்றவன் என்னோடு பேசுவதில்லை, ஒரு பேரன் இருக்கிறான். ரேஷன் கடையில் குடும்ப அட்டையைப் படித்துக் காட்டுவது போன்ற குரலில் இவ்வளவும் வந்துவிடுகிறது. தன் வாழ்க்கையின் ஆகப் பெரிய துயரத்தை அவள் முன்பின் தெரியாத ஒருவனிடம் சொல்கிறாள், அதுவும் வேலையின் ஒரு பகுதியாக. வீட்டுக்குள் சொல்ல வேண்டிய நேரம் வரும்போதோ, வார்த்தைகள் எல்லாம் கோபமாக மாறித்தான் வெளியே வருகின்றன. மொத்தம் பதினெட்டு எபிசோடுகளையும் இந்த ஒரு முரண்தான் சுமந்து செல்கிறது என்பது என் எண்ணம்.

நம் "கோலங்கள்" அபியை நீங்கள் எடுத்துக்கொண்டு வருவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் நானே முந்திக்கொள்கிறேன். 2003-இல் தொடங்கி 2009-இல் முடியும்வரை, ஆயிரத்தைந்நூறு எபிசோடுகளுக்கு மேல், அந்தப் பெண்ணோடு நாமும் வாழ்ந்தோம். மின்சாரம் போனால் பக்கத்துத் தெருவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து மாமாவுக்குத் தோசை வார்த்த நாட்களை நான் மறக்கவில்லை. தேவயானி நடித்த அபியும் கல்தான்: குடும்பத்தைத் தாங்கினாள், பேராசை பிடித்த கணவனை விட்டு விலகினாள், கட்டுமானத் தொழிலில் ஆண்களுக்கு நடுவே நிமிர்ந்து நின்றாள். அபியை நான் இன்றும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அவள் கண் கலங்குகிற ஒவ்வொரு முறையும் அது நமக்காகவே ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. இசை முன்கூட்டியே வந்து சொல்லிவிடும். கேமரா ஒவ்வொருவர் முகத்திலும் நின்று நின்று போகும். அவள் பக்கம் நியாயம் இருப்பதால்தான் அவள் அழுகிறாள் என்பதில் ஒருவருக்கும் ஐயம் இருக்காது. நல்லவள் என்பதற்குக் கண்ணீரே சான்றிதழ்.

கேத்தரினும் அழுகிறாள், அழவே மாட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் அவள் உடைகிற நேரங்களில் அவளை எனக்குப் பிடிக்காமல் போய்விடுகிறது, அத்தை. அதுதான் புதிது. முதல் சீசனில், தனக்குக் கீழே பணிபுரிந்த இளம் பெண் காவலர் ஒருவர் கொல்லப்படுகிறார். அதற்குச் சற்று முன்புதான் அந்தப் பெண்ணை இவள் கண்டித்திருந்தாள். பிறகு இவளே, மகளைச் சீரழித்த அந்தக் கொடியவனிடம் அடிபட்டு, சாகப் பிழைத்து வீடு திரும்புகிறாள். அதன்பின் வருவது நாம் எதிர்பார்க்கும் சாய்ந்து அழுகிற காட்சி கிடையாது. சிடுசிடுப்பு வருகிறது, வேலையில் வெறுப்பு வருகிறது, பக்கத்தில் இருப்பவர்களையே குத்துகிற பேச்சு வருகிறது. துன்பப்பட்டவள் என்பதற்காக அவள் சொல்வதெல்லாம் சரி என்று ஆகிவிடவில்லை. எழுதியவர் அவளுக்கு அந்தச் சலுகையைத் தர மறுத்திருக்கிறார். நான் அவரை மதிப்பது அதற்காகத்தான். (இரண்டாம் சீசன் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, அதை விட்டுவிடுகிறேன். அதன் தொடக்கத்தில், நாய்கள் குதறிய ஆடு ஒன்றைத் தான் முடித்துவைக்க நேர்ந்த கதையை அவள் தங்கையிடம் சொல்லுகிற இடம் மட்டும் அருமை.)

உணர்ச்சிகளைப் பற்றிச் சொல்லும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை நீங்கள் எனக்கு மொட்டை மாடியில் வடாம் காயவைத்துக்கொண்டே நடத்தினீர்கள். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கிலிருந்து அழுகை பிறக்கும். உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்ற நான்கிலிருந்து வெகுளி பிறக்கும். கேத்தரினுக்கு நேர்ந்தது இழவு, அதாவது இழப்பு. ஆனால் வெளியே தெரிவது வெகுளி, அதாவது கோபம். இரண்டுக்கும் நடுவே உள்ள கதவு எப்போதும் திறந்தே கிடக்கிறது. இதை நினைக்கும்போது எனக்குக் கண்ணகிதான் நினைவுக்கு வருகிறாள். பொருளெல்லாம் தொலைத்துவிட்டு வந்து நாணி நின்ற கோவலனிடம், சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்பதற்கு மேல் ஒரு சொல் பேசாதவள், மதுரையில் பேசிய பேச்சு எவ்வளவு! மெரினாவில் நிற்கிற சிலையும் அந்தப் பேசுகிற கண்ணகிதான், பேசாத கண்ணகி இல்லை. 2001-இல் அதை அகற்றி 2006-இல் மீண்டும் வைத்தார்கள். அபி நம் வீட்டுக்கு வந்தபோது கடற்கரையில் கண்ணகி இல்லை என்று அன்றைக்கு நீங்கள் கேலியாகச் சொன்னீர்கள். பேசாதிருந்த கண்ணகியின் நாட்களைப் பார்க்க வேண்டுமென்றால் கேத்தரினைப் பாருங்கள் என்பேன். ஒரே வேறுபாடு, இவளுக்கு எரிப்பதற்கு ஊர் கிடையாது. மறுநாள் காலை அதே ஊருக்குக் காவல் போக வேண்டும்.

இங்கு வந்த பிறகுதான் இந்த அடக்கம் எனக்கு விளங்கியது. இந்த வட்டாரத்துக் கிழவர்கள் வலியைச் சொல்லமாட்டார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், ஒரு கையில் ஆக்ஸிஜன் குழாயைப் பிடித்துக்கொண்டே, அவ்வளவு மோசமில்லை என்பார்கள். கம்பள ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் எங்கள் வார்டில் இருந்தார். இரத்தக்குழாய் கிடைக்காமல் நான் அவருக்கு வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழாயைப் போடத் திணறிக்கொண்டிருந்தபோது, அவர் கவனத்தைத் திருப்புவதற்காக அப்பா இறந்த கதையைச் சொன்னேன்: பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை வாசலில் நாம் காத்திருந்தது, எனக்குத் தேர்வு இருக்கிறது என்று நீங்கள் என்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டது, எல்லாவற்றையும் தங்குதடையில்லாமல் சொன்னேன். ஊசி இறங்கியது, பிளாஸ்திரி ஒட்டினேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, தன் மனைவி சென்ற கோடையில் போய்விட்டதைச் சொல்லிவிட்டு, உடனே தேநீர் எப்போது வரும் என்று கேட்டார். உங்களிடம் இத்தனை ஆண்டுகளில் அந்த நாளைப் பற்றி நான் ஒரு வார்த்தை எடுத்ததில்லை, நீங்களும் எடுத்ததில்லை. அன்றிரவு வீட்டுக்கு வந்து அந்த முதல் காட்சியை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். வேலை என்ற ஒன்று கையில் இருந்தால்தான் சிலருக்கு வாய் திறக்கிறது போலும்.

உங்களுக்கு நான் காட்ட விரும்புகிற காட்சி மூன்றாம் சீசனில் இருக்கிறது. அந்தச் சீசன் 2023-இல்தான் வந்தது; பேரனாக நடித்த பையன் உண்மையிலேயே வளரட்டும் என்று ஏழு ஆண்டு காத்திருந்தார்கள். நம்மூராக இருந்தால் ஒரு விளம்பர இடைவேளையில் வேறு பையன் வளர்ந்து வந்திருப்பான். பேரன், தன் தாயின் வாழ்வைக் கெடுத்தவனும் தன்னைப் பெற்றவனுமான அவனை, ஷெஃபீல்ட் சிறைக்குப் போய்ப் பார்த்து வருகிறான். அழைத்துக்கொண்டு போவது தங்கை கிளேர். கேத்தரின் பின்தொடர்ந்து சென்று, ஒரு சிற்றுண்டிக் கடையில் தங்கை உட்கார்ந்திருப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறாள். உள்ளே பாய்ந்து போய்ச் சண்டையிடுவாள் என்று நினைத்தேன். அவள் வெளியே நின்றபடியே கைப்பேசியை எடுத்து அழைக்கிறாள். எங்கே இருக்கிறாய் என்று, தினமும் கேட்கிற அதே குரலில் கேட்கிறாள். கண்ணெதிரே இருக்கிற தங்கை பொய் சொல்கிறாள். இரவு நேரங்களில் பின்வாசல் படியில் தேநீரும் சிகரெட்டுமாகத் தோளோடு தோள் உட்கார்ந்து பேசிய அக்கா தங்கை இவர்கள். தங்கைக்கு உண்மையைச் சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுத்தாள் என்று சிலர் சொல்லலாம். நான் பார்த்தது வேறு. நடந்ததை நம்பாமல் இருப்பதற்குத் தனக்கே ஒரு வாய்ப்புக் கேட்கிறாள். குரலில் நடுக்கமே இல்லாததால்தான் அது தாங்க முடியாததாக இருக்கிறது. இந்தத் தொடருக்காகச் சிறந்த நடிகைக்கான பாஃப்டா விருதை சாரா லங்காஷயருக்கு 2017-இலும் 2024-இலும் இரண்டு முறை கொடுத்தார்கள். அந்த ஒரு தொலைபேசி அழைப்புக்கே கொடுத்திருக்கலாம்.

முடிவையும் சொல்லிவிடுகிறேன், கதை தெரிந்த பிறகு பார்ப்பதுதான் உங்களுக்குப் பிடிக்கும். சிறையிலிருந்து தப்பிய அந்தக் கொடியவன் இவள் வீட்டுச் சமையலறைக்கே வந்து உட்கார்ந்திருக்கிறான், இருவரும் பேசுகிறார்கள், உன்னை நான் மன்னித்துவிட்டேன் என்று அவன் இவளிடம் சொல்கிற அளவுக்குப் போகிறது. கடைசியில் அவன் பெட்ரோலை ஊற்றித் தனக்கே தீ வைத்துக்கொள்கிறான். இத்தனை ஆண்டு வெறுத்தவன் மேல் இவள் போர்வையைப் போட்டு அணைக்கிறாள். அதற்குப் பிறகு தங்கையைச் சந்திக்கும்போது, கொஞ்சம் கைகலப்பு, நான்தான் ஜெயித்தேன், குரோஷா போர்வைகள் ஒன்றிரண்டு பொசுங்கியிருக்கலாம் என்கிற மாதிரி ஏதோ சொல்லி முடித்துவிடுகிறாள். ஓய்வு பெற்றதும் பழைய லேண்ட் ரோவரில் இமயமலை வரை ஓட்டிக்கொண்டு போவது அவள் திட்டம். நம் நாட்டுப் பக்கம் வரப்போகிறவள் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

அந்தப் போர்வைப் பேச்சில்தான் எனக்கு ஐயம், அத்தை. அதை நகை என்று கொள்வதா, அழுகை என்று கொள்வதா, இல்லை பெருமிதத்தில் சேர்ப்பதா? எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நகைக்குச் சொன்ன நான்கில் எதிலும் அது அடங்குவதாகத் தெரியவில்லை. கார்த்திகையில் நான் விடுப்பில் வரும்போது சேர்ந்து பார்ப்போம்; அதற்கு முன்பே உங்களுக்குத் தோன்றுவதை எழுதி அனுப்புங்கள். தொலைபேசியில் வேண்டாம்.

மாமாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகள்
கயல்