பி.எம். ஹால் அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

நம் கால்நடை நோய்க்குறியியல் மியூசியத்துக்குள் தண்ணீர் புகுந்தது இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். சாடிகளில் போட்டு வைத்திருந்த நோயுற்ற உறுப்புகளில், அதாவது ஸ்பெசிமன்களில், பெரும்பகுதி தப்பிவிட்டது. இப்போதுதான் மூச்சு வருகிறது.

பணம் அனுப்பிய பழைய மாணவர்கள், உறுப்புகளைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினும் சாடிகளும் ஏற்றி அனுப்பிய நாமக்கல் நண்பர்கள், லீவையும் பார்க்காமல் வந்து திசுத் துண்டுகள் பதித்த பாரஃபின் மெழுகு பிளாக்குகளைத் துடைத்து அடுக்கிய முதுகலைப் பிள்ளைகள், வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுத்த விடுதிக்காரர்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இறந்த விலங்குகளைப் போஸ்ட்மார்ட்டம் செய்யும் பி.எம். ஹாலில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணனைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அவரை யாரும் கூப்பிடவில்லை. கேள்விப்பட்டதும் வந்துவிட்டார். லேபிள் உரிந்துபோயிருந்தது, பதிவேட்டில் மை கரைந்திருந்தது. அண்ணன் தரையில் உட்கார்ந்து, சாடிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது கோழி மேடம். இரைப்பையில உள்பக்கம் புள்ளி புள்ளியா ரத்தம்." ராணிக்கேட், கோழிகளைத் தாக்கும் வைரஸ் நோய். அந்தச் சிவப்பெல்லாம் ஃபார்மலினில் எப்போதோ பழுப்பாகிவிட்டது. அவர் கண்ணுக்கு மட்டும் இன்னும் தெரிகிறது.

"இது மாட்டு இதயம். திருப்புங்க, பின்னாடி கம்பி இருக்கும்." திருப்பினேன், இருந்தது. தீவனத்தோடு உள்ளே போய், இரண்டாம் வயிற்றைத் துளைத்து, உதரவிதானத்தையும் தாண்டி இதய உறையில் குத்திய கம்பி. உறை முழுக்கத் திட்டுத் திட்டாக ஃபைப்ரின் என்ற நார்ப்புரதம். கம்பியைப் பிடுங்காமல் அப்படியே போடச் சொன்னார் அன்றைய பேராசிரியர் என்பதுகூட அண்ணனுக்கு நினைவிருக்கிறது.

இன்னொரு சாடியைப் பார்த்து, "குடலுக்குள்ள குடல் போயிருக்கு" என்றார். இன்டஸசெப்ஷன் என்று நாங்கள் எழுதுவோம். எனக்கு நோய்க்குறியியல் சொல்லிக்கொடுத்தவர்கள் விடாமல் சொன்னதும் இதுதான்: நோயின் பெயர் அப்புறம், எங்கே இருக்கிறது, என்ன நிறம், எவ்வளவு பெரிது, தொட்டால் எப்படி இருக்கிறது, அதை முதலில் சொல். ஐந்து மைக்ரான் தடிமனில் சீவிச் சாயமேற்றிய திசு மைக்ரோஸ்கோப்பில் நீலமும் இளஞ்சிவப்புமாகத் தெரிந்ததுமே பிள்ளைகள் பெயருக்குத் தாவிவிடுகிறார்கள். அண்ணனுக்கு அந்த அவசரம் இல்லை.

புதுப் பதிவேட்டில் நோயின் பெயருக்குப் பக்கத்திலேயே அவர் சொன்னதையும் அப்படியே எழுதி வருகிறேன். இனி லேபிள்கள் பென்சிலில்தான். அடுத்த பேட்சுக்கு முதல் செய்முறை வகுப்பு பி.எம். ஹாலில், அண்ணன் பக்கத்தில் நின்றுதான். சரி என்று சொல்லிவிட்டார். பஸ் காசுகூட வேண்டாம் என்கிறார். அந்தப் பேச்சை மட்டும் நான் கேட்கப்போவதில்லை.