திரை விழுறதுக்கு முன்னாடி

தம்பி,

கூப்பிட்டுப் பாத்தேன், நீ எடுக்கல. வேலையா இருப்பன்னு தெரியும், அதான் டைப் பண்றேன். நீளமாத்தான் வரும். பாதி படிச்சிட்டு ஒரு கட்டைவிரல் போட்டு முடிச்சிடாத, உங்க அக்கா அப்படித்தான் பண்றா. நேரத்துக்கு சாப்பிடு. ராத்திரி லேட்டா ரூமுக்குத் திரும்பாத, திரும்பினாலும் தனியா வராத. ஏன் சொல்றேன்னு பின்னாடி எழுதறேன்.

அந்த நடிகையோட விவாகரத்து விஷயம்தான் இப்ப எல்லார் போன்லயும் ஓடுது. உங்க சித்தப்பா குடும்ப குரூப்ல ஒரு வீடியோ போட்டிருந்தார், பேசற ஆள் முகம் காட்டல, குரல் மட்டும்தான், தம்ப்நெயில்ல அந்தப் பொண்ணு முகத்தைச் சுத்தி சிவப்பு வட்டம், ஒரு அம்புக்குறி, பக்கத்துல யாரோ ஒருத்தர் போட்டோவ வெட்டி ஒட்டியிருந்தது. முழுசா பாத்தேன். பையன் நல்லா பேசறான், அதைச் சொல்லியே ஆகணும். ல, ள, ழ மூணும் தனித்தனியா விழுது, மூச்சு எங்க விடணும்னு தெரிஞ்சிருக்கு, கேக்கறவன் தவிக்கிற இடத்துல கரெக்டா நிறுத்தறான். சின்ன வயசுல யாரோ பக்கத்துல உக்காந்து வசனம் படிக்க வச்சிருக்கணும். சித்தப்பா கீழயே "நம்ம வீட்டுக் குரல் மாதிரி இருக்கே"ன்னு போட்டிருந்தார். நான் பதில் போடல.

அது யாருன்னு நான் உன்கிட்ட கேக்கப் போறதில்ல. நாடகத்தைப் பத்திதான் எழுத வந்தேன்.

நான் எந்தக் காலத்துலயும் மேடை ஏறினதில்ல, சைடு விங்ல ஸ்டூல் போட்டு பிராம்ப்டிங் பாத்த, அதாவது வசனம் மறந்தா எடுத்துக் கொடுத்த ஆள்தான், உனக்குத் தெரியும். ஷெரிடன் எழுதின 'தி ஸ்கூல் ஃபார் ஸ்கேண்டல்', 1777ல லண்டன் ட்ரூரி லேன் தியேட்டர்ல முதல்ல போட்டாங்களே, அதை நாங்க தமிழ்ப் பேரு வச்சு போட்டோம். நீ அப்ப ரொம்பச் சின்னவன், பாதியில தூங்கிட்ட. அதுல ஒரு சீன். வயசான புருஷன், சின்ன வயசுப் பொண்டாட்டி, ரெண்டு பேருக்கும் தினம் சண்டை. அவ ஜோசப்னு ஒருத்தன் ரூமுக்கு வந்திருக்கா, வரக்கூடாத வேளையில. அந்த நேரம் பாத்து புருஷனே அங்க வந்துடறான், இவ ஒரு மடக்குத்தட்டிக்குப் பின்னாடி ஒளியறா. புருஷன் உக்காந்து ஜோசப்கிட்ட மனசு விட்டுப் பேசறான், அவ பேர்ல சந்தேகமா இருக்குங்கறான், ஆனாலும் அவ யார் கையையும் எதிர்பாக்காம இருக்கட்டும்னு வருஷத்துக்கு 800 பவுண்டு எழுதி வைக்கப் போறேன்னு சொல்றான். இதெல்லாம் தட்டிக்கு அந்தப் பக்கம் அவ காதுல விழுது. அப்புறம் இன்னொருத்தன் வந்து தட்டியத் தள்ளி விட, எல்லாரும் பாக்க அவ நிக்கறா.

ஆடியன்ஸ் சிரிக்கும், சிரிக்கத்தான் எழுதியிருக்கு. ஆனா சிரிப்பு ஒரு இடத்துல தானா அடங்கும் பாரு, அதுக்குக் காரணம் இருக்கு. அந்த 800 பவுண்டை அவ கேட்டதை ஆடியன்ஸும் சேந்து கேட்டிருக்காங்க. தட்டிக்குப் பின்னாடி அவளோட நின்னுட்டு வந்தவங்களால அவளைச் சும்மா சிரிச்சு அனுப்ப முடியல. பேப்பர்லயும் வீடியோலயும் கதை தட்டி விழுந்ததுல இருந்துதான் ஆரம்பிக்குது, அதுக்கு முந்தின கால் மணி நேரம் கிடையவே கிடையாது. அங்க நமக்குக் கிடைக்கிறது விழுந்த தட்டியும் முழிக்கிற ஒரு முகமும்தான், அதுல ஒரு சிவப்பு வட்டம் போட்டா வேலை முடிஞ்சது.

எனக்கு விங்ல இருந்து தட்டியோட பின்பக்கம் தெரியும். அந்த வேஷம் கட்டின பொண்ணு அவ்வளவு நேரமும் யாருக்கும் தெரியாம அங்க நிக்கணும், வசனம் கிடையாது, சும்மா நின்னா போதும். ஆனா புருஷன் பணம் எழுதி வைக்கிற வசனம் வர்றப்ப ஒவ்வொரு தடவையும் அவ கை அந்த மரச்சட்டத்தைப் பிடிக்கும், விரல் நுனி வெளுத்துப் போற அளவுக்கு. யாரும் பாக்காத இடத்துல எதுக்கும்மா நடிக்கிறன்னு கேட்டேன். "அதைக் கேக்காம எப்படி சார் வெளிய வந்து அடுத்த வசனம் பேசறது"ன்னா.

அந்த அடுத்த வசனமும் லேசுப்பட்டது இல்ல. ஜோசப் அவளைக் காப்பாத்தற மாதிரி ஒரு பொய்யைச் சொல்லி வைக்கிறான், ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா தப்பிச்சிடலாம், அவ சொல்ல மாட்டா, இந்த ஆள் சொன்னதுல ஒரு எழுத்தும் உண்மையில்லன்னு தானே போட்டு உடைப்பா. ஊர்ல எல்லாரும் உத்தமன்னு சொல்ற ஜோசப்தான் கடைசியில மாட்டுவான். அதனால எல்லாரையும் மன்னிச்சு விடுங்கன்னு நாடகம் சொல்லல. பெரிய இடத்துல இருக்கறவன் ஒருத்தியைத் தொந்தரவு பண்ணினான்னு அவளே வாயத் திறந்து சொன்னா அதைப் பேசத்தான் வேணும், சத்தமா பேசு, நான் வந்து பின்னாடி நிக்கறேன். ரெண்டு பேர் சேந்து வாழ முடியல, பிரிஞ்சிட்டாங்க, அதுல நமக்கு என்னடா?

அதே நாடகத்துல ஸ்னேக்னு ஒருத்தன் வருவான். முதல் சீனே ஒரு சீமாட்டி அலங்காரம் பண்ணிக்கிட்டிருக்கா, இவன் பக்கத்துல உக்காந்து சாக்லேட் குடிச்சிக்கிட்டிருக்கான், அந்தத் துணுக்கெல்லாம் பேப்பர்ல வந்துடுச்சான்னு அவ கேக்கறா, எழுதினது தன்னோடதுன்னு தெரியக் கூடாதுன்னு கையெழுத்தை மாத்தி எழுதிக் கொடுத்தேன்னு இவன் சொல்றான். 1777ல! முகம் காட்டாம குரல் மட்டும் கொடுக்கறதுக்கு அன்னைக்கே ஆள் இருந்திருக்கான். கடைசியில இவனே உண்மையைச் சொல்லிடுவான், அதுவும் அந்தப் பக்கம் ரெண்டு மடங்கு காசு கொடுத்ததால. சொல்லிட்டு, தயவுசெஞ்சு நான் நல்லது பண்ணினதை வெளிய சொல்லிடாதீங்க, கெட்ட பேருதான் எனக்கு சோறு போடுதும்பான். அந்த வேஷத்துக்கு ஹால்ல விசில் பறக்கும். நானும் விங்ல உக்காந்து சிரிச்சிருக்கேன். இப்ப நினைச்சா சிரிப்பு வர மாட்டேங்குது.

மூணாவது நிமிஷத்துல "நெருங்கிய வட்டாரங்கள் சொல்றாங்க"ன்னு வருதே, எந்த வட்டாரம்டா அது? அந்த ரூம்ல ஒரு மைக்கையும் லேப்டாப்பையும் வச்சுக்கிட்டு நீ எந்த வட்டாரத்தைப் போய்ப் பாத்த?

சரி, எழுதிட்டேன். அழிக்கப் போறதில்ல.

லட்சுமிகாந்தன் கேஸ் பத்தி உனக்குச் சொல்லியிருக்கேன், திரும்பவும் சொல்றேன். 'சினிமா தூது'ன்னு ஒண்ணு, அப்புறம் 'இந்துநேசன்'னு ஒண்ணு, அந்த லட்சுமிகாந்தன் நடத்தினது, நடிகர் நடிகைங்க அந்தரங்கத்தை எழுதியே வித்த பத்திரிகை. திட்டிக்கிட்டே வாங்கினாங்க, வாங்கி ஒளிச்சு வச்சுப் படிச்சாங்க. 1944 நவம்பர்ல மெட்ராஸ்ல பட்டப்பகல்ல அந்த ஆளைக் கத்தியால குத்தினாங்க, மறுநாள் செத்துப் போனார். பாடி நடிச்ச பெரிய ஹீரோ தியாகராஜ பாகவதரையும் காமெடி நடிகர் என்.எஸ்.கிருஷ்ணனையும் அந்தக் கொலைக்காகக் கைது பண்ணினாங்க, தண்டனை ஆச்சு, அப்ப கடைசி மேல்கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போயி கேஸ் திரும்ப வந்து 1947லதான் விடுதலை. அந்த வருஷங்கள்ல பாகவதரோட 'ஹரிதாஸ்' தியேட்டர்ல ஓடிக்கிட்டிருந்தது, மூணு தீபாவளி பாத்த படம், ஹீரோ ஜெயில்ல. பாட்டை மட்டும் ஜனங்க விடல. 1895ல லண்டன்ல நாடகம் எழுதின ஆஸ்கார் வைல்டைக் கோர்ட்ல நிறுத்தினப்பவும் இதே கூத்துதான், நாடகம் ஓடிக்கிட்டிருக்க விளம்பரத்துல இருந்து அவர் பேரை மட்டும் எடுத்தாங்க, ஜோக்குக்கு சிரிச்சாங்க, எழுதினவனுக்கு ரெண்டு வருஷம் கடுங்காவல்.

வெளிய வந்த பாகவதர் பழைய பாகவதரா எழவே இல்ல, 1959ல போயிட்டார். என்.எஸ்.கே. திரும்ப வந்து சிரிக்க வச்சார். ஆனா எனக்கு ராத்திரி தூக்கம் கெடறது அவங்க ரெண்டு பேரை நினைச்சு இல்ல. குத்துப்பட்ட அந்த ஆளுக்கும் எங்கயாவது ஒரு அப்பா அம்மா இருந்திருப்பாங்கல்ல. அவரைக் குத்தச் சொன்னது யாருங்கறது கடைசி வரைக்கும் தீரவே இல்ல. அதான் தனியா வராதங்கறேன். மைக்கைப் பிடிச்சு எழுதினதைப் படிக்கிறவனுக்கு எதிர்ல யாரு கோவமா உக்காந்திருக்கான்னு தெரியாது, மேடையிலயாவது முதல் வரிசை தெரியும்.

நாடகம் மட்டும் யோக்கியமான்னு கேப்ப. கேளு, நீ கேக்கலேன்னாதான் எனக்கு வருத்தம். அரிஸ்டோபேன்ஸ்னு ஒரு பழைய கிரேக்க நாடகக்காரர் கி.மு. 423ல சாக்ரடீஸை கேலி பண்ணி 'மேகங்கள்'னு ஒரு நாடகம் போட்டார். கி.மு. 399ல உயிர் போற விசாரணையில நிக்கறப்ப சாக்ரடீஸ் அந்த நாடகத்தைத்தான் இழுக்கறார், என்னைப் பத்தி உங்க மனசுல இருக்கறது அங்க பாத்ததுதான்ங்கற மாதிரி. அங்க வட்டம் போட்டதே நாடகம்தான். மேடை ஏறினதெல்லாம் புனிதம்னு நான் சொல்லல, பின்னாடி நின்னு அதோட ஒட்டு தையலெல்லாம் பாத்தவன் நான்.

ஆனா பவபூதி பண்ணினதைப் பாரு. எட்டாம் நூற்றாண்டு, சம்ஸ்கிருத நாடகம், 'உத்தரராமசரிதம்'. ஊர் பேசின பேச்சுக்காக ராமன் சீதையக் காட்டுக்கு அனுப்பினதுல ஆரம்பிக்குது. கடைசி அங்கத்துல வால்மீகி கங்கைக் கரையில ஒரு நாடகம் போடறார், நாடகத்துக்குள்ள நாடகம், எதிர்ல உக்காந்திருக்கறது யாருன்னா ராமனும் அந்த ஊர் ஜனமும். காட்டுல விட்ட பிறகு அவளுக்கு என்னென்ன ஆச்சுன்னு நடிச்சுக் காட்டறாங்க. ராமன் தாங்காம மூர்ச்சை போட்டு விழறான். வம்பு பேசின வாயெல்லாம் அன்னைக்குப் பார்வையாளர் வரிசையில உக்காந்து, தாங்க பேசினதோட மிச்சக் கதையைப் பாக்குது. எனக்குத் தெரிஞ்சு வம்புக்கு இதைவிடப் பெரிய பதில் யாரும் எழுதல. உங்க அத்தை விஷயத்துல அப்படி ஒரு நாடகம் போட நமக்கு ஒரு வால்மீகி கிடைக்கல, அவ்வளவுதான். அவ எத்தனை விசேஷத்துக்கு வராம இருந்தான்னு உனக்கே தெரியும். அப்ப நீதான் சண்டை போட்ட, பத்தாவது படிக்கிற பையன், பெரியவங்கன்னும் பாக்காம எல்லார் முன்னாடியும் கேட்ட. நான் அன்னைக்கு உன்னை அதட்டினேன், ஆனா அதை நான் எத்தனை பேர்கிட்ட பெருமையா சொல்லியிருக்கேன்னு உனக்குத் தெரியாது.

வேலைய விடுன்னு சொல்லல. மாசம் பொறந்தா வாடகை இருக்கு, தெரியும். மாரீன் வாட்கின்ஸ்னு ஒரு அம்மா, 'சிகாகோ ட்ரிப்யூன்' பத்திரிகை நிருபர், 1924ல ரெண்டு பொம்பளைங்க மேல நடந்த கொலைக் கேஸை சுடச்சுட எழுதினவங்க. ரெண்டு பேருக்கும் விடுதலை ஆயிடுச்சு. அதுக்கப்புறம் இவங்க 1926ல 'சிகாகோ'ன்னு ஒரு நாடகம் எழுதினாங்க, அதுல கேலி முழுக்க நிருபருங்க மேலயும் வக்கீல் மேலயும் வேடிக்கை பாத்த ஜனங்க மேலயும்தான். தான் பாத்த தொழிலையே மேடையில ஏத்தினாங்க. உனக்கும் உள்ள இருந்து தெரியுது இல்ல, தம்ப்நெயில் எப்படிச் செய்யறாங்க, எந்த நிமிஷத்துல எந்தப் பொய்யை வைக்கிறாங்க, பணம் எங்க இருந்து வருது. அதைப் பேசு. உன் குரலுக்கு எவனும் உக்காந்து கேப்பான். தட்டிக்குப் பின்னாடி இருந்த அந்தக் கால் மணி நேரத்தைச் சொல்லு, தெரியலேன்னா தெரியலன்னு சொல்லிட்டு விடு.

சாப்பிடு. தூங்கு. தனியா வராத.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிடுச்சு, இதை முதல்லயே எழுதியிருக்கணும். நல்லபடியா முடிஞ்சது, சொட்டு மருந்து போடறோம், அக்கா வந்து கூட இருக்கா. நீ பயந்துடுவன்னு முன்னாடி சொல்ல வேண்டாம்னுட்டா. ஒரு வாரம் போன் பாக்காம இருந்தா நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார், அதனால குரூப்ல வந்தது எதையும் இன்னும் பாக்கல. அதுக்குள்ள கூப்பிடு.

அப்பா