டென்டல் லேப் தொழிலாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2023–24

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

உறுப்பினர் சேர்க்கை, அடையாள அட்டை, ஆயுத பூஜை எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். எனக்குத் தந்த நேரத்தைத் தூசி விஷயத்துக்கே எடுத்துக்கொள்கிறேன்.

செயற்கைப் பல் செய்யும் நம் லேப் மேஜையில் பறப்பது ஒரே தூசி அல்ல. உலோகம் வார்த்த காஸ்டிங் ரிங்கை உடைக்கும்போது கிளம்பும் இன்வெஸ்ட்மென்ட் பவுடரில், அதாவது அச்சு மாவில், குவார்ட்ஸ், கிரிஸ்டோபலைட் ஆகிய வடிவங்களில் சிலிக்கா இருக்கிறது. கல்குவாரித் தொழிலாளியின் நுரையீரலைக் கெடுப்பதும் இதே சிலிக்காதான். பல்செட்டின் உலோக ஃபிரேம் தேய்த்தால் கோபால்ட், குரோமியம். சில நிக்கல் அலாய்களில் (உலோகக் கலவைகளில்) பெரிலியமும் உண்டு. பல்செட்டு தேய்த்தால் அக்ரிலிக். சட்டையில் வெள்ளையாகப் படிவதைத் தட்டிவிட்டுப் போகிறோம். ஆபத்து அதில் குறைவு. கண்ணுக்கே தெரியாத, 4 மைக்ரானுக்கும் சிறிய பொடிதான் நுரையீரலின் அடி வரை போய்த் தழும்பாக்குகிறது. சிலிகோசிஸ் என்னும் இந்தத் தழும்பு நோய் வந்த நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது. வேலையை விட்ட பிறகும் நோய் முற்றலாம்.

"நம்ம லைன்ல இதெல்லாம் யாருக்குப்பா வந்துச்சு?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். வந்திருக்கிறது, அண்ணே. அமெரிக்காவின் 5 மாநிலங்களில் 1994 முதல் 2000 வரை டென்டல் லேப் டெக்னீஷியன்கள் 9 பேருக்குச் சிலிகோசிஸ் உறுதியானதை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2004இல் வெளியிட்டது. அங்கே தேடினார்கள், அகப்பட்டது. இங்கே நாம் இருமினால் டஸ்ட் அலர்ஜி என்று சிரப் வாங்கிக் குடிக்கிறோம். டாக்டரிடம் என்ன வேலை செய்கிறோம் என்று சொல்வதுகூட இல்லை. சிலிகோசிஸ் உள்ளவருக்கு டி.பி. எளிதில் தொற்றும், எக்ஸ்ரேயில் ஒன்று இன்னொன்றுபோலத் தெரிவதும் உண்டு. அதனால் தொழிலைச் சொல்லியே ஆக வேண்டும்.

சங்கம் ஏற்பாடு செய்த மூச்சுத்திறன் பரிசோதனைக்கு வந்தவர்கள் குறைவு. சிலர் அவசர டெலிவரி என்றார்கள். உண்மையான காரணம் பிறகு தெரிந்தது. ரிசல்ட் முதலாளி காதுக்குப் போய்விடுமோ, பெண் பார்க்கும் நேரத்தில் "நெஞ்சு சரியில்லாத பையன்" என்று ஊர் பேசுமோ என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

சட்டத்தைப் பார்ப்போம். பல் மருத்துவர்கள் சட்டம் நம்மை 'டென்டல் மெக்கானிக்' என்று பதிவு செய்தது 1948இல். தொழிற்சாலைகள் சட்டமும் அதே 1948தான். 2023–24 நிலவரப்படி சிலிகோசிஸ் அதன்கீழ் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயாக இருந்தது. ஆனால் மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் 10 பேராவது இருந்தால்தான் அந்தச் சட்டம் எட்டிப் பார்த்தது. நம்மில் பெரும்பாலோர் மூன்று நான்கு பேர் உள்ள மாடி லேப்களில் இருக்கிறோம். ஆய்வாளர் வரமாட்டார்; நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மாஸ்க் போடுங்கள் என்று மட்டும் சொல்லி முடிப்பது எனக்கு உடன்பாடில்லை. துணி மாஸ்க்கும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் இந்தப் பொடியைத் தடுக்காது. என்95 உதவும், ஆனால் முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது. முதலில் வேண்டியது மேஜையிலேயே தூசியை இழுக்கும் சக்‌ஷன். ரிங்கை நனைத்து உடைக்கலாம். கம்ப்ரஸர் காற்றால் சட்டையை ஊதுவதை நிறுத்தலாம். துடைப்பத்துக்குப் பதில் ஈரத்துணி போதும். ஏசிக்காகக் கதவை அடைத்துவிட்டு உள்ளே அரைப்பதைப்போல் மோசமான பழக்கம் வேறில்லை.

சக்‌ஷன் வாங்கச் சொன்னால் உரிமையாளர்கள் ரேட்டைக் காட்டுகிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. பக்கத்து லேப் கிரவுன் (பல் உறை) விலையைக் குறைத்தால் நாமும் குறைக்கிறோம். அப்படிக் குறைக்கும்போது முதலில் விழுவது ஃபில்டர் மாற்றும் செலவு. ஆகவே சங்கத்தின் விலைப்பட்டியலில் தூசிக் கட்டுப்பாட்டுச் செலவையும் சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் முன்மொழிகிறேன். பல் மருத்துவர்களிடம் இதைப் பேச ஒரு குழுவும் அமைக்கலாம்.

மூச்சுப் பரிசோதனை மறுபடி நடக்கும். விருப்பமுள்ளோர் வாசலில் உள்ள நோட்டில் பெயர், வயது, சர்வீஸ் எழுதலாம். லேப் பெயர் வேண்டாம். ரிசல்ட் அவரவர் கையில் மட்டுமே தரப்படும்.

இப்படிக்கு,
செயலாளர்