மெமரி கார்டில் படம் திறக்கவில்லையா? ஃபார்மேட் செய்வதற்கு முன் ஒரு வார்த்தை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

"கார்டில் படம் இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை" என்று வருபவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது கார்டு எந்த நிறுவனத்துடையது, எத்தனை ஜி.பி. என்பதல்ல. "திறக்கவில்லை என்று தெரிந்த பிறகு இந்தக் கார்டில் என்னென்ன செய்தீர்கள்?" என்றுதான் கேட்கிறோம். சிலர் இதைக் குறுக்கு விசாரணையாக எடுத்துக்கொண்டு முகம் சுளிக்கிறார்கள். ஆனால் படங்கள் திரும்பக் கிடைக்குமா என்பதைக் கார்டுக்கு வந்த கோளாறைவிட, அதற்குப் பிறகு பதற்றத்தில் நடந்த வைத்தியம்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. இந்த மடலை எழுதுவதற்குக் காரணமும் அதுவே.

திறக்காத படமெல்லாம் கெட்ட படம் அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். கேமராக்கள் படங்களை அடுக்கி வைப்பதற்கு டி.சி.எஃப். என்ற பொது ஒழுங்கு ஒன்று உண்டு. கார்டில் டி.சி.ஐ.எம். என்ற கோப்புறை, அதற்குள் 100 முதல் 999 வரையிலான எண்ணில் தொடங்கும் கோப்புறைகள், அவற்றுக்குள் நான்கு எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட பெயர்களில் படங்கள். கணினியில் ஒரு படத்துக்கு "அக்கா கல்யாணம்" என்று பெயர் மாற்றி, ஓரத்தை வெட்டி, மறுபடி கார்டில் போட்டால் கேமரா அதைக் காட்ட மறுக்கலாம். வேறு கேமராவில் எடுத்த படத்துக்கும் இப்படி நேர்வதுண்டு. படத்தில் பழுது எதுவும் இருக்காது. கணினியில் நன்றாகவே திறக்கும்.

நேர்மாறாகவும் நடக்கும். கேமராவில் பளிச்சென்று தெரியும் படம் கணினியில் திறக்காது. ரா கோப்பு (கேமரா பதிவு செய்த தகவலை அவ்வளவாகப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் கோப்பு) என்றால் மென்பொருளின் வயதைப் பாருங்கள். கேனன் நிறுவனத்தின் சி.ஆர்.3 என்ற ரா வடிவம் 2018-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய மென்பொருளுக்கு அது புரியாது. ஹெச்.இ.ஐ.எஃப். வடிவத்தில் எடுத்த படங்களுக்கும் பழைய கணினிகளில் இதே கதிதான். கார்டு முழுவதுமே படிக்கப்படவில்லை என்றால், கார்டைச் செருகிக் கணினியோடு இணைக்கும் ரீடரைச் சந்தேகியுங்கள். 32 ஜி.பி. வரையிலான எஸ்.டி.ஹெச்.சி. கார்டுகளுக்காகச் செய்யப்பட்ட பழைய ரீடர், அதற்கு மேற்பட்ட எஸ்.டி.எக்ஸ்.சி. கார்டைக் கண்டு திணறக்கூடும். கார்டைக் கேமராவிலேயே வைத்து யு.எஸ்.பி. கம்பியால் கணினியோடு இணைத்துப் பாருங்கள். அல்லது வேறு ரீடர், வேறு கணினி.

மேக் கணினியில் கார்டைப் பயன்படுத்திவிட்டு விண்டோஸில் திறப்பவர்களுக்கு இன்னொரு குழப்பம் உண்டு. படத்தின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் ஓர் அடிக்கோடும் சேர்ந்த குட்டிக் கோப்புகள் தென்படும். அளவு பெரும்பாலும் சில கே.பி.தான். அவை படங்களே அல்ல, மேக் தனக்காக எழுதி வைக்கும் குறிப்புகள். "பாதிப் படங்கள் போய்விட்டன" என்று பதறி வந்தவர்களில் சிலரை இதைக் காட்டியே சிரித்த முகத்தோடு அனுப்பியிருக்கிறோம்.

இனி உண்மையான சேதத்துக்கு வருவோம். மேல் பாதி சரியாக இருந்து கீழ்ப் பாதி சாம்பல் நிறமாகவோ வண்ணக் கோடுகளாகவோ மாறியிருக்கிறதா? ஜேபெக் படம் மேலிருந்து கீழாக ஒரே தொடராகச் சுருக்கி எழுதப்படுவது. ஒரு பகுதியின் ஒளி, நிற அளவு முந்தைய பகுதியை வைத்தே குறிக்கப்படுவதால், நடுவில் ஓரிடம் பிசகினால் பெரும்பாலும் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் பிசகிவிடும். பட்டியலில் சிறிய படம் தெரிந்து, பெரிதாக்கினால் மட்டும் வரவில்லை என்றால், கோப்பின் தலைப்பகுதி பிழைத்திருக்கிறது என்று பொருள். எடுத்த தேதி, கேமரா பெயர் போன்ற எக்சிஃப் தகவல்களோடு ஒரு சிறு படமும் அங்கே தனியாக இருக்கும். "அதையே பெரிதாக்கிக் கொடுங்களேன்" என்று கேட்கிறார்கள். வழக்கமாக அது 160-க்கு 120 புள்ளிகள்தான். அடையாளம் காணலாம், அச்சிட முடியாது. ரா கோப்புகளில் எடுப்பவர்கள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். பல கேமராக்கள் ரா கோப்புக்குள்ளேயே நல்ல அளவில் ஒரு ஜேபெக் படத்தையும் பொதிந்து வைக்கின்றன. ரா தகவல் கெட்டுப்போனாலும் அந்த ஜேபெக்கைத் தனியே பிரித்தெடுக்க முடிந்த சந்தர்ப்பங்கள் உண்டு.

கோப்புப் பெயர்கள் புரியாத குறியீடுகளாக மாறியிருந்தாலோ, அளவு பூஜ்யம் என்று காட்டினாலோ, கார்டே காலி என்று தெரிந்தாலோ, கெட்டது பெரும்பாலும் படங்கள் அல்ல, அட்டவணை. எந்தப் படம் கார்டில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. தெருவில் கதவு எண்களை யாரோ அழித்துவிட்டால் வீடுகள் இடிந்துவிடுவதில்லை. தபால்காரருக்குத்தான் வழி தெரியாது. இதற்குப் பொதுவான காரணம், எழுதி முடிக்கும் முன் குறுக்கிட்டதுதான். கேமராவின் விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும்போதே கார்டை உருவுவது, பேட்டரி தீரும் தறுவாயிலும் விடாமல் எடுப்பது, கணினியில் பாதுகாப்பாக வெளியேற்றாமல் பிடுங்குவது. தொடர்ந்து பல படங்களைச் சுட்டுத் தள்ளிய பிறகு கேமரா சில நொடிகள் எழுதிக்கொண்டே இருக்கும் என்பதை அனுபவசாலிகளும் மறந்துவிடுகிறார்கள்.

இப்படிப்பட்ட கார்டைக் கணினியில் செருகியதும் "பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்ற அறிவிப்பு வரும். வேண்டாம் என்று அழுத்துங்கள். கேமராவும் இதையே கேட்கும், அங்கும் வேண்டாம். சாதாரண ஃபார்மேட் அட்டவணையை மட்டும் புதிதாக எழுதுவதால் பல சமயம் மீட்க வழி இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் சில கேமராக்கள் ஃபார்மேட்டின்போது கார்டையே துடைத்துவிடுகின்றன. அடியாழ ஃபார்மேட் (லோ லெவல் ஃபார்மேட்) என்று தனியாக ஒரு தேர்வு இருக்கும் கேமராவில் அதைத் தேர்ந்தெடுத்தால் கதை முடிந்தது. விண்டோஸில் செக்டிஸ்க் கட்டளையை ஓட்டிப் பார்க்கச் சொல்லும் நண்பர் எல்லோருக்கும் ஒருவர் இருக்கிறார். அது கார்டைப் பழையபடி இயங்கவைக்க முயலும் கருவி. அதற்காகக் கார்டின்மேலேயே திருத்தி எழுதும். அட்டவணையில் மிச்சமிருந்த தடயங்களும் அதில் போய்விடலாம். படங்களை வெளியே எடுத்த பிறகு தாராளமாக ஓட்டுங்கள். எல்லாவற்றையும்விட மோசமானது, "இப்போது சரியாகிவிட்டதா பார்ப்போம்" என்று அதே கார்டில் இன்னும் நாலு படம் எடுத்துப் பார்ப்பது. புதிய படம் உட்காரும் இடத்தில் இருந்த பழைய படத்தை எந்த மென்பொருளாலும் எழுப்ப முடியாது.

எனவே கார்டை வெளியே எடுத்து, பக்கவாட்டுப் பூட்டை மூடிய நிலைக்குத் தள்ளிவிடுங்கள். (மைக்ரோ எஸ்.டி. கார்டில் பூட்டு கிடையாது. மற்ற எஸ்.டி. கார்டுகளிலும் அந்தப் பூட்டை மதிக்க வேண்டியது ரீடரின் பொறுப்பு. மதிக்காத ரீடர்களும் உண்டு.)

வீட்டிலேயே முயல்பவர்களுக்கு ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைப் பரிந்துரைக்கிறோம். தோற்றம் பழைய காலத்துக் கறுப்புத் திரை, வேலையில் கெட்டி. அது அட்டவணையை நம்பாமல் கார்டை வரிசையாகப் படித்து, ஒவ்வொரு வகைக் கோப்பும் தொடங்கும் அடையாளத்தைத் தேடிப் பிடிக்கிறது. இரண்டு விஷயங்கள். மீட்ட படங்களைக் கணினியிலோ வேறு டிஸ்க்கிலோ சேமியுங்கள், அதே கார்டில் ஒருபோதும் வேண்டாம். கார்டு படிக்கும்போதே அடிக்கடி துண்டித்துக்கொண்டால், சூடேறினால், அத்தோடு நிறுத்திவிடுங்கள். அது அட்டவணைக் கோளாறு அல்ல, கார்டே சாகத் தொடங்கியிருக்கலாம். ஒவ்வொரு முயற்சியும் அதன் ஆயுளைக் குறைக்கக்கூடும். கடையில் நாங்கள் முதலில் கார்டு முழுவதையும் அப்படியே ஒரு நகலாக எடுத்துக்கொண்டு, பிறகு அந்த நகலின்மேல்தான் கை வைக்கிறோம். பொறுமை இருந்தால் நீங்களும் அப்படியே செய்யலாம்.

மீண்டு வரும் படங்களுக்குப் பழைய பெயர் இருக்காது. எடுத்த தேதி மட்டும் பெரும்பாலும் படத்துக்குள் பத்திரமாக இருக்கும். சில படங்கள் பாதியாக வரும். துண்டு துண்டாகப் பல இடங்களில் எழுதப்பட்ட கோப்புகளுக்கு, குறிப்பாக வீடியோக்களுக்கு, இந்த ஆபத்து அதிகம். படமெடுக்கும்போதே பிடிக்காதவற்றைக் கேமராவில் ஒவ்வொன்றாக அழிக்கும் பழக்கம் எங்களுக்குப் பிடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்: அழித்த இடங்களின் இடைவெளிகளில் அடுத்த படங்கள் சிதறி உட்காருகின்றன.

போலிக் கார்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேலே 256 ஜி.பி. என்று அச்சிட்டு உள்ளே அதில் சிறு பங்குகூட இல்லாத கார்டுகள் சந்தையில் உலவுகின்றன. கொள்ளளவு எவ்வளவு என்று கேட்டால் கணினியிடமும் பொய்யே சொல்லும். முதலில் எடுத்த படங்கள் பெரும்பாலும் நன்றாக இருக்கும். உண்மையான இடம் தீர்ந்த பிறகு எடுத்தவை பெயரளவில் மட்டும் இருக்கும். அவை எங்கும் எழுதப்படவே இல்லை என்பதால் மீட்பதற்கு எதுவும் இல்லை. எங்கே வாங்கினாலும், எங்களிடமே வாங்கினாலும், புதுக் கார்டை முக்கியமான வேலைக்குக் கொண்டுபோகும் முன் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற சோதனை மென்பொருள் கொண்டு முழுவதும் நிரப்பிச் சோதித்துவிடுங்கள்.

கார்டு எதிலுமே தென்படவில்லை, ரீடர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை என்றால் கட்டுப்பாட்டுச் சில்லு போயிருக்கலாம். கார்டைப் பிரித்து நினைவகத்தை நேரடியாகப் படிக்கும் ஆய்வகங்கள் இருக்கின்றன. அந்த வசதி எங்களிடம் இல்லை. வீணாக வைத்துக்கொண்டு நாள் கடத்தாமல் அப்படியே திருப்பித் தந்துவிடுவோம்.

கார்டைக் கொண்டுவரும்போது எந்தக் கேமராவில் எடுத்தது, ராவா ஜேபெக்கா, கடைசியாக எப்போது ஃபார்மேட் செய்தீர்கள், இதற்குள் எந்த மென்பொருளை ஓட்டினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தால் எங்கள் வேலை பாதி குறையும். மீட்ட படங்களை வாங்கிக்கொள்ள, கார்டின் கொள்ளளவைவிடப் பெரிய ஹார்டு டிஸ்க் ஒன்றும் வேண்டும். இன்னொன்று: தேடும்போது நீங்கள் எப்போதோ அழித்த பழைய படங்களும் சேர்ந்தே மேலே வரும். நாங்கள் திறந்து பார்ப்பது மாதிரிக்கு ஓரிரு படங்களை மட்டுமே. எல்லாவற்றையும் உங்களிடம் ஒப்படைத்த பிறகு எங்கள் நகலை அழித்துவிடுகிறோம். இருந்தாலும், கார்டை வேறொருவர் கையில் கொடுத்தனுப்பும் முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கேமரா பழுதுநீக்கப் பிரிவு