முற்றத்தில் மூன்று மண்

புதுச்சேரி
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்த அன்று முற்றத்தில் மண் குழைத்துக்கொண்டிருந்தேன். இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி.

பழைய வீட்டு முற்றத்தில் மண்ணால் ஒரு கலைப்படைப்பு செய்யப்போகிறோம் என்று சொன்னேனே, செய்துவிட்டோம். பாகூர் வயல் களி, காலாப்பட்டுப் பக்கத்துச் செம்மண், வில்லியனூர் குயவர் ஒருவர் கொடுத்த பானைமண், மூன்றையும் பக்கம் பக்கமாக அரை அடி உயரத்துக்குப் பரப்பியிருக்கிறோம். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கலாம், பிசையலாம், தவலைத் தண்ணீரை அள்ளித் தெளிக்கலாம். செம்மண்ணின் சிவப்பு அதிலுள்ள இரும்பால் வருவது. அதில் நடந்த கால் களிக்குள் போனால் சிவப்புத் தடம் விழுகிறது.

இரண்டாம் நாள் வெயிலில் களி வெடித்துவிட்டது. குயவர் வந்து பார்த்து, "தண்ணி போனா மண்ணு சுருங்கத்தான் செய்யும், மணலும் உமியும் போடணும்" என்றார். போட்டதும் அவரே இறங்கி மிதித்தார். நடுவில் தொடங்கி வட்டமாக வெளியே வந்தார். கல் தட்டுப்பட்டால் நின்று, கால் விரலாலேயே இடுக்கி எடுத்து எறிந்தார். நான் வேலையை விட்டுவிட்டு அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நியூயார்க்கில் வால்டர் டி மரியா என்ற கலைஞர் 1977-இல் ஒரு மாடி அறையில் 22 அங்குல உயரத்துக்கு மண் நிரப்பினார். இன்றும் இருக்கிறது. வெளியே நின்று பார்க்கலாம், கால் வைக்க முடியாது. படத்தில் பார்த்தாலே அமைதி வருகிறது, மறுக்கவில்லை. ஆனாலும் மிதிக்க விடாத மண்ணோடு என் மனசு ஒட்டவில்லை.

இன்று ஒரு பாட்டி பேரனோடு வந்தார். மேடும் பள்ளமுமாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார். சேலையை இழுத்துச் செருகிக் குந்தி, தண்ணீர் தொட்டு, உள்ளங்கையால் அரைவட்டம் அரைவட்டமாக மெழுகிக்கொண்டே பின்னால் நகர்ந்தார். ஒரு பாய் அகலம் வழவழவென்று ஆகிவிட்டது. "சாணி இல்லையா?" என்று கேட்டார். சிமெண்ட் தரைக்கு மாறி முப்பது வருஷமாம், கை மறக்கவே இல்லை. அதன்மேல் கால் வைக்கப் பேரன் தயங்கினான். "வைடா" என்று அவர்தான் சொன்னார்.

அந்த இடத்துக்கு மட்டும் கயிறு கட்டலாமா என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. நான் கூடாது என்றேன். சாயங்காலத்துக்குள் அதன்மேல் எத்தனையோ கால்கள்.

மாதக் கடைசி வரை முற்றம் திறந்திருக்கும், அப்புறம் மண் வயலுக்கே போகும். அதற்குள் வா. மஞ்சக்குப்பத்தில் கெடிலக்கரை வண்டலை எடுத்து நாம் வண்டி செய்து விளையாடுவோமே, அது ஒரு கோணிப்பை கொண்டு வா. நாலாவதாகப் பரப்ப இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
குமார்