லண்டனில் வீடு பார்க்கும் மகனுக்கு

திருச்சி

அன்பு மகனுக்கு,

லண்டனுக்குக் குடிபோவதற்காகப் பார்த்து நீ அனுப்பிய இரண்டு வாடகை வீடுகளின் படங்களையும் நேற்று இரவு அப்பாவும் நானும் நிதானமாகப் பார்த்தோம். லண்டனின் அலுவலகப் பகுதியான கேனரி வார்ஃப் பக்கத்துப் பதினெட்டாம் மாடி வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் பத்து நிமிடத்தில் நடந்துவிடலாம் என்பதால் அதற்கே முன்பணம் கட்டப் போவதாக எழுதியிருக்கிறாய். கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாம் வீட்டைப் பழையது, அறைகள் சிறியவை, ரயிலில் போக வேண்டும் என்று இரண்டு வரியில் தள்ளிவிட்டாய். பணம் கட்டுவதற்கு முன் மருமகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1998இல் நாம் லண்டனுக்குப் போனபோது உனக்கு மூன்று வயது. இன்று உன் மகளுக்கும் அதே வயது. அப்பாவும் உன்னைப் போலவே, அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை மட்டும் கணக்கிட்டு ஒரு வீட்டைப் பிடித்தார். அவருக்குப் பயணமே இல்லை. ஆனால் மாலையில் அலுவலகங்கள் மூடிய பிறகு அந்தத் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. திசம்பர் மாதத்தில் நான்கு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். ஒரு கட்டுக் கீரை வாங்குவதற்கு உன்னையும் குழந்தைத் தள்ளுவண்டியையும் தூக்கிக்கொண்டு இரண்டு பேருந்து மாற வேண்டும். காலை எட்டு மணிக்கு அப்பா கதவைச் சாத்திக்கொண்டு போனால், அவர் திரும்பி வரும் வரை நான் பேசிய மனிதர் நீ ஒருவன்தான். களைத்து வருகிறவரிடம் இதையெல்லாம் சொல்லக் கூடாது என்று பதினான்கு மாதங்கள் வாய் திறவாமல் இருந்தேன். சொல்லியிருக்க வேண்டும். உன் மனைவியும் என்னைப் போல் சொல்லாமல் இருந்துவிடுவாளோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

அதன் பிறகு ஈஸ்ட் ஹாமுக்கு மாறினோம். வீடு முன்னதைவிடச் சிறியது, குளிரும் அதிகம். ஆனாலும் குடிபோன மூன்றாம் நாளே எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா கதவைத் தட்டி, "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, லைப்ரரிக்குப் போவம்" என்றார். குடும்ப மருத்துவரிடம் பெயர் பதிந்துகொள்வது எப்படி என்பதையும், எந்தக் கடையில் எந்தக் கிழமை முருங்கைக்காய் வந்து இறங்கும் என்பதையும் அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நடந்து போனால் கடை, மருந்தகம், மகாலட்சுமி கோயில் என்று எல்லாம் கால் நடையிலேயே முடிந்தன. தமிழர்கள் இருக்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக அங்கே போ என்று நான் சொல்லவில்லை. பகலில் வீட்டில் இருப்பவர் தள்ளுவண்டியோடு இருபது நிமிடம் நடந்தால் எங்கெல்லாம் போய்ச் சேர முடியும் என்பதை வைத்து ஊரின் பகுதியைத் தேர்ந்தெடு என்றுதான் சொல்கிறேன்.

உன் பயணத்தையும் நான் கணக்கிடாமல் இல்லை. ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் ரயில் தடத்தில் மூன்றாவது நிறுத்தம் வெஸ்ட் ஹாம்; அங்கே ஜூபிலி தடத்துக்கு மாறினால் மூன்றாவது நிறுத்தம் கேனரி வார்ஃப். நகரின் மையமான முதல் மண்டலத்துக்குள் நுழையவே வேண்டியதில்லை என்பதால் கட்டணமும் குறையும். அதற்குப் பக்கத்துப் பகுதியான இல்ஃபோர்டும் உனக்கு ஒத்து வரக்கூடும். 2022இல் திறந்த எலிசபெத் தடத்தில் ஸ்ட்ராட்ஃபோர்டு வந்து ஜூபிலிக்கு மாறிக்கொள்ளலாம். அந்தத் தடத்தின் 41 நிலையங்களிலும் தெருவிலிருந்து நடைமேடை வரை படி ஏறாமல் போக முடியும். பழைய சுரங்க ரயில் நிலையங்களில் பெரும்பாலானவற்றில் அந்த வசதி இல்லை என்பதும், தூங்கும் குழந்தையோடு படிக்கட்டின் அடியில் நிற்பது எப்படி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது பள்ளிக்கூடம். அங்கே குழந்தை நான்கு வயது நிறைந்த பிறகு வரும் செப்டம்பரில் தொடக்கப் பள்ளியில் சேர வேண்டும் என்றால், அந்த ஆண்டின் சனவரி 15ஆம் தேதிக்குள் நீங்கள் வசிக்கும் பகுதியின் கவுன்சில் என்னும் உள்ளாட்சி மன்றத்தின் வழியாக விண்ணப்பித்துவிட வேண்டும். இடத்துக்குப் போட்டி இருக்கும் பள்ளிகளில் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்தை அளந்துதான் பெரும்பாலும் முடிவு செய்கிறார்கள். ஈஸ்ட் ஹாம் நியூஹாம் கவுன்சிலைச் சேர்ந்தது, இல்ஃபோர்டு ரெட்பிரிட்ஜைச் சேர்ந்தது. ஆகவே நீ இப்போது கையெழுத்திடும் முகவரியே பேத்தி எந்தப் பள்ளிக்குப் போவாள் என்பதையும் முடிவு செய்யக்கூடும். வாடகை வீடுதானே, பிறகு மாறிக்கொள்ளலாம் என்று நினைக்காதே. தோழிகள் கிடைத்த பள்ளியிலிருந்து ஒரு குழந்தையைப் பெயர்ப்பது எளிதன்று.

பண விஷயத்தில் சில. இங்கிலாந்தின் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால் ஐந்து வார வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வீட்டைப் பிடித்து வைப்பதற்கு ஒரு வார வாடகைதான். சென்னையில் பத்து மாத முன்பணம் கொடுத்துப் பழகிய உனக்கு இது ஆறுதலாக இருக்கும். அந்த ஐந்து வார முன்பணத்தை வீட்டுக்காரர் அரசு ஏற்ற பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் 30 நாட்களுக்குள் பதிய வேண்டும். பதிந்ததற்கான விவரத்தைக் கேட்டு வாங்கு. கவுன்சில் வரி பொதுவாக வாடகையில் அடங்காது, குடியிருப்பவர்தான் கட்ட வேண்டும்.

படத்தைப் பார்த்து மட்டும் எந்த வீட்டுக்கும் பணம் அனுப்பாதே. முதல் மாதம் தற்காலிகமாக ஓர் அறையில் தங்கிக்கொண்டு தேடுங்கள். பழைய வீடு என்றால் படுக்கையறை மூலையிலும் அலமாரிக்குப் பின்னாலும் கருப்புப் பூஞ்சை இருக்கிறதா என்று பார். புதிதாக வண்ணம் அடித்திருந்தால், ஈர வாடை வருகிறதா என்று முகர்ந்து பார். ஈரம் ஏறிய அறையில் நீ இரண்டு குளிர்காலம் இருமிக்கொண்டே இருந்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கேனரி வார்ஃப் நான் பார்த்த காலத்தில் இருந்தது போல் இல்லை, கடைகளும் பூங்காவும் நூலகமும் வந்துவிட்டன என்கிறாய். இருக்கட்டும். அங்கேயே வாழப் பிடித்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அதை நீ முடிவு செய்யாதே. ஒரு வேலைநாளின் மாலை நான்கு மணிக்கு, நீ அலுவலகத்தில் இருக்கும்போது, மருமகள் பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு இரண்டு இடங்களிலும் தனித்தனி நாளில் நடந்து பார்க்கட்டும். பால் வாங்கவும் மருத்துவரிடம் போகவும் எத்தனை நிமிடம் ஆனது, வழியில் யாராவது முகம் பார்த்துப் பேசினார்களா என்பதை அவளே எனக்கு எழுதட்டும். அந்தக் கடிதம் வரும் வரை முன்பணம் கட்ட வேண்டாம்.

அன்புடன்,
அம்மா