நயம் பாராட்டி அலுத்துவிட்டது

மதிப்பிற்குரிய தமிழ்த்துறைப் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உள்மதிப்பீட்டுத் தேர்வின் விடைத்தாள்களைக் கொடுத்தீர்கள். எனக்குப் பத்துக்கு மூன்று வந்ததில் வருத்தமில்லை. பக்கத்தில் சிவப்பு மையில் 'சொந்தக் கருத்து வேண்டாம்' என்று இருக்கிறதே, அதுதான் உறுத்துகிறது.

கேள்வி, சங்க நூலான குறுந்தொகையின் 290ஆம் பாட்டைப் பற்றியது. காமத்தைப் பொறுத்துக்கொள் என்கிறவர்களைப் பற்றித் தோழியிடம் பேசும் தலைவி, காதலரைக் காணாவிட்டால் 'கல்பொரு சிறுநுரை போல மெல்ல மெல்ல', அதாவது கல்லில் மோதும் சிறு நுரையைப் போல, இல்லாமல் போவோம் என்கிறாள். நான் காசிமேட்டுப் பெண். அலையைத் தடுக்கக் கொட்டிய கற்களில் நுரை உடைவதைத் தினமும் பார்க்கிறேன். ஒரேயடியாகப் போகாது. கல் இடுக்கில் கொஞ்ச நேரம் நிற்கும், குமிழ் குமிழாக அடங்கும். கல் அப்படியே இருக்கும். அதனால்தான் 'மெல்ல' இரண்டு முறை வருகிறது, பொறுத்துக்கொள் என்கிறவர்கள்தான் அந்தக் கல் என்று எழுதினேன். தப்பாகவே இருக்கட்டும். எங்கே தப்பு என்று சொல்லியிருக்கலாமே? எங்களுக்கு வாசிக்கவும், வாசித்ததை எழுதவும் கற்றுக்கொடுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

நீங்கள் எதிர்பார்த்த விடை தெரியும்: திரண்ட கருத்து, எதுகை, மோனை, அணி, சுவை. பன்னிரண்டாம் வகுப்போடு ஒழிந்தது என்று நினைத்த 'நயம் பாராட்டுக' எங்களோடு கல்லூரியிலும் சேர்ந்துவிட்டது. இந்தப் பாட்டின் திணையான நெய்தலுக்கு, அதாவது கடற்கரைத் திணைக்கு, உரிப்பொருள் (அதற்கு உரிய உணர்வு) இரங்கல் என்று ஒரு மதிப்பெண்ணுக்கு எழுதுகிறோம். ஆனால் பாட்டில் அந்த இரங்கல் எந்தச் சொல்லில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பெயர் தெரியாத புலவருக்குக் கல்பொரு சிறுநுரையார் என்று அந்தத் தொடரையே பெயராக வைத்தார்கள். அவர்கள் நின்று ரசித்த இடத்தை நாங்கள் 'உவமையணி' என்று எழுதிவிட்டுத் தாண்டிப்போக வேண்டுமா?

பேசாமல் வாசலில் இருக்கிற ஜெராக்ஸ் கடைக்காரருக்கே பட்டத்தைக் கொடுத்துவிடலாம். வகுப்பில் பாதிப் பேரின் விடை அவரிடமிருந்துதான் வருகிறது.

பருவத்துக்கு ஒரு முறையாவது பாட்டைக் கையில் கொடுத்து, மனப்பாடம் இல்லாமல் இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். திருத்திக் கொடுத்து, அப்புறம் மறுபடி எழுத வையுங்கள். தயவுசெய்து வாசிக்கக் கற்றுக்கொடுங்கள்.

என் மதிப்பெண்ணை மாற்ற வேண்டாம். நேரம் கிடைக்கும்போது என் விடைத்தாளின் மூன்றாம் பக்கத்தைப் படித்து, கல்லைப் பற்றி நான் எழுதியது ஏன் பொருந்தாது என்று ஓரத்தில் ஒரு வரி எழுதித் தாருங்கள், ஐயா.

இப்படிக்கு,
இரண்டாமாண்டு இளங்கலைத் தமிழ் மாணவி,
காசிமேடு